போலியிலும் அசல் உண்டு

2023 டிசம்பரில் இங்கிலாந்தின் பான்பரி நகரில் ஒரு ஏலம் நடந்தது. ஏலத்துக்கு வந்த பொருள் 79 சென்டிமீட்டர் உயரமே உள்ள ஒரு செயற்கைக் கிறிஸ்துமஸ் மரம். சிவப்புச் சாயம் பூசிய சின்ன மரக்கட்டைப் பீடம். மொத்தம் 25 கிளைகள், 12 சிவப்புப் பழங்கள், மெழுகுவர்த்தி செருக ஆறு சின்னத் தாங்கிகள். 1920-ல் வுல்வொர்த் கடையில் சில பென்னிகள் கொடுத்து ஒரு தாய் வாங்கியது. அப்போது எட்டு வயதாக இருந்த மகள் அந்த மரத்தைத் தன் 101-வது வயதில் இறக்கும்வரை கூடவே வைத்திருந்தார். பிறகு அது அவருடைய மகளுக்கு வந்தது. உலகிலேயே மிக எளிய கிறிஸ்துமஸ் மரம் என்று ஏல நிறுவனம் இதை வர்ணித்தது. 60 முதல் 80 பவுண்டுக்குப் போகலாம் என்று மதிப்பிட்டிருந்தார்கள். போன விலை 3,411 பவுண்டு. ரூபாயில் மூன்றரை லட்சத்தைத் தாண்டும்.

மரத்தில் தங்கமும் இல்லை, வெள்ளியும் இல்லை. கலை வேலைப்பாடு என்று சொல்லவும் ஒன்றும் இல்லை. அது வாங்கப்பட்ட காலத்தில் சாதாரண வீடுகளுக்குக் கண்ணாடி உருண்டை அலங்காரமே எட்டாத ஆடம்பரம். கிளைகளில் பஞ்சை வைத்துப் பனி என்று பாவித்துக்கொண்டார்கள். ஏலம் கேட்டவர்கள் விலை வைத்தது மரத்துக்கு அல்ல. அதே மரம் ஒரே வீட்டில் கிட்டத்தட்ட நூறு கிறிஸ்துமஸ்களைப் பார்த்திருக்கிறது என்ற செய்திக்கு.

மேலை நாடுகளில் இப்படிப் பழைய செயற்கை மரங்களைத் தேடி அலைபவர்கள் பலர். அதில் முரண்பாடு ஒன்று உண்டு. கிறிஸ்துமஸ் மரத்தில் 'அசல்' என்றால் காட்டில் வெட்டியதும் பண்ணையில் வளர்ந்ததும்தான். ஊசியிலை வாசனையும் பிசினும் அதில்தான் இருக்கும். செயற்கை மரத்தை ரசனையற்றவர்களின் சமாதானம் என்று முகம் சுளித்தவர்கள் உண்டு. ஆனால் அசல் மரத்துக்கு ஆயுள் சில வாரங்கள். ஜனவரி பிறந்ததும் அது காய்ந்து, உதிர்ந்து, தெருவோரக் குப்பைக்குப் போய்விடும். அடுத்த வருடம் வருவது வேறு மரம். போன வருடத்து மரமே மறுபடியும் வர வேண்டுமென்றால் அது போலியாக இருந்தாக வேண்டும். பரணிலிருந்து வருடம்தோறும் கொலு பொம்மைப் பெட்டியை இறக்குகிறவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

போலி மரத்தின் கதை பலர் நினைப்பதுபோல் பிளாஸ்டிக்கில் தொடங்கவில்லை, வாத்தில் தொடங்குகிறது. வீட்டுக்குள் மரம் வைத்து மெழுகுவர்த்தி ஏற்றும் பழக்கம் ஜெர்மனியில் வேரூன்றியது. 1848-ல் விக்டோரியா மகாராணி குடும்பத்தோடு மரத்தைச் சுற்றி நிற்கும் படத்தை 'இல்லஸ்ட்ரேட்டட் லண்டன் நியூஸ்' பத்திரிகை வெளியிட்டது. அதற்குப் பிறகு பழக்கம் பிரிட்டனில் பரவியது, அமெரிக்காவையும் தொற்றிக்கொண்டது. ஜெர்மனியிலோ காடு குறைகிறதே என்ற கவலை. இளம் மரங்களின் நுனியை ஆளுக்கு ஆள் வெட்டிக்கொண்டு போனால் மரம் எப்படி வளரும்? 19-ம் நூற்றாண்டிலேயே இதற்கு மாற்றுக் கண்டார்கள். வாத்து இறகைப் பிளந்து, பச்சைச் சாயத்தில் முக்கி, கம்பியில் சுற்றிக் கிளையாக்கினார்கள். அந்தக் கிளைகளை ஒரு கட்டையில் செருகினால் மரம் தயார்.

இறகு மரத்தில் கிளைக்கும் கிளைக்கும் நடுவே நிறைய இடைவெளி இருக்கும். பார்க்கச் சற்று எலும்பும் தோலுமாகத் தெரியும். ஆனால் அதற்குக் காரணம் இருந்தது. மெழுகுவர்த்தியின் சுடர் மேல்கிளையைத் தீண்டக் கூடாது. ஜெர்மனியிலிருந்து அமெரிக்காவில் குடியேறியவர்கள் இந்த மரங்களைப் பெட்டியில் மடித்து எடுத்துப்போனார்கள். பிறகு அங்கே கடைகளிலும் தபால் வழி விற்பனையிலும் அவை கிடைக்கத் தொடங்கின.

அடுத்த கட்டம் கொஞ்சம் சங்கடமானது. 1930-களில் அடிஸ் என்ற பிரஷ் கம்பெனி, கழிப்பறை கழுவும் பிரஷ்களைச் செய்த அதே வகை இயந்திரத்தில் பச்சைச் சாயமிட்ட மயிர்க்கற்றைகளைக் கொடுத்து மரக்கிளைகளைத் தயாரித்தது. முறுக்கிய இரண்டு கம்பிகளுக்கு நடுவே மயிர் பிடித்திருக்கும் அதே அமைப்புதான். இறகு மரத்தைவிட இது உறுதி. கனமான அலங்காரங்களையும் தாங்கும். இன்று கடைகளில் கிடைக்கும் செயற்கை மரம் ஒன்றின் கிளையைப் பிரித்துப் பார்த்தால் பெரும்பாலும் இதே முறுக்கிய கம்பியைப் பார்க்கலாம். மயிருக்குப் பதில் பிளாஸ்டிக் வந்திருக்கிறது, அவ்வளவே.

ஆனால் அமெரிக்காவில் 'பழைய செயற்கை மரம்' என்றதும் ஒரு தலைமுறையின் கண்முன் வருவது இவற்றில் எதுவும் இல்லை. அவர்கள் நினைப்பது பச்சையே இல்லாத ஒரு மரத்தை. அலுமினியத்தில் செய்து, பளபளவென்று, அடுக்களைப் பாத்திரம் போல மின்னிய வெள்ளி மரத்தை. அடுக்களைப் பாத்திரம் என்ற உவமை தற்செயலானது அல்ல. அந்த மரம் பிறந்ததே பாத்திரத் தொழிலில்தான்.

விஸ்கான்சின் மாநிலத்தில் மிச்சிகன் ஏரிக்கரையில் இருக்கும் சிறிய நகரம் மானிடோவாக். பக்கத்து ஊர் டூ ரிவர்ஸ். இந்தக் கரைக்கும் கிறிஸ்துமஸ் மரத்துக்கும் ஏற்கெனவே ஒரு சோகமான உறவு உண்டு. 1912 நவம்பரில் 'ரவுஸ் சிம்மன்ஸ்' என்ற மூன்று பாய்மரக் கப்பல், வடக்கே மிச்சிகன் காடுகளில் வெட்டிய ஆயிரக்கணக்கான மரங்களை ஏற்றிக்கொண்டு சிகாகோவுக்குப் புறப்பட்டது. கப்பல் தலைவர் ஹெர்மன் ஷூனமன் வருடந்தோறும் சிகாகோவின் கிளார்க் தெருப் பாலத்தருகே கப்பலை நிறுத்தித் தளத்திலிருந்தே மரங்களை விற்பவர். சிகாகோ மக்கள் அவருக்கு 'சாண்டா கேப்டன்' என்று பெயர் வைத்திருந்தார்கள். அந்த வருடம் கப்பல் போய்ச் சேரவில்லை. புயலில் சிக்கி டூ ரிவர்ஸ் அருகே மூழ்கியது. ஒருவரும் பிழைக்கவில்லை. அதன்பிறகு பல வருடங்கள் மீனவர் வலைகளில் கிறிஸ்துமஸ் மரங்கள் சிக்கின. ஏரிக்கடியில் கிடந்த கப்பலை 1971-ல்தான் கண்டுபிடித்தார்கள். கணவர் இறந்த பிறகும் ஷூனமனின் மனைவியும் பெண்களும் மர வியாபாரத்தை விடவில்லை.

அசல் மரம் ஒன்று வீட்டுக்கு வந்து சேர்வதில் எவ்வளவு உழைப்பும் ஆபத்தும் இருந்தது என்பதற்கு இந்தக் கப்பல் சாட்சி. அது மூழ்கி அரை நூற்றாண்டு முடிவதற்குள் அதே கரையில் காடும் கப்பலும் தேவைப்படாத மரம் தயாராகத் தொடங்கியது.

மானிடோவாக்கிலும் டூ ரிவர்ஸிலும் 1890-களிலிருந்தே அலுமினியத் தொழில் நடந்துவந்தது. சீப்பு, சிறு அலங்காரப் பொருள் என்று தொடங்கிப் பாத்திரங்களுக்கு வந்தார்கள். 'மிரோ' என்ற பெயரில் அமெரிக்கச் சமையலறைகளை நிறைத்த பாத்திரங்கள் இங்கே தயாரானவை. இரண்டாம் உலகப் போரில் அலுமினியம் முழுக்க விமானங்களுக்குப் போயிற்று. போர் முடிந்ததும் பெருகிவிட்ட உலோகத்தை வீட்டுக்குள் எந்த வழியிலாவது நுழைக்க வேண்டிய நிலை. நாற்காலி, தட்டு, தம்ளர், ஜன்னல் சட்டம் என்று எல்லாம் அலுமினியமாயின.

அந்த ஊரிலிருந்த அலுமினியம் ஸ்பெஷாலிட்டி கம்பெனி, பாத்திரங்களோடு சிறுமிகள் விளையாடும் சொப்புச் சாமான்களையும் செய்துவந்தது. 1958 டிசம்பரில் அதன் பொம்மைப் பிரிவு விற்பனை மேலாளர் சிகாகோ கடை ஒன்றில் கையால் செய்த உலோக மரம் ஒன்றைப் பார்த்தார். அலுமினிய மரம் அப்போது முற்றிலும் புதியதல்ல. சிகாகோ நிறுவனம் ஒன்று ஏற்கெனவே செய்து விற்றுக்கொண்டிருந்தது. ஆனால் விலை அதிகம், கொண்டுபோவது சிரமம். இதையே மலிவாகவும் பெட்டியில் அடங்குவதாகவும் செய்தால் என்ன என்று மேலாளருக்குத் தோன்றியது. கம்பெனிப் பொறியாளர்கள் வேலையில் இறங்கினார்கள். 1959 கிறிஸ்துமஸுக்கு 'எவர்கிளீம்' என்ற பெயரில் மரம் கடைக்கு வந்துவிட்டது. விலை சுமார் 25 டாலர். அடுத்த பத்து வருடத்தில் பத்து லட்சத்துக்கும் மேல் விற்றது. போட்டிக்குப் பல கம்பெனிகள் கிளம்பின.

அமைப்பு எளிமையானது. வெள்ளி வர்ணம் பூசிய ஒரு மரக்கம்பு. அதில் மேலிருந்து கீழ்வரை சாய்வாகத் துளைகள். கீழ்த் துளைகளில் கிளை கிட்டத்தட்டப் படுத்திருக்கும். உச்சிக்குப் போகப்போக நிமிர்ந்து நிற்கும். எல்லாக் கிளைகளும் ஒரே நீளமாக இருந்தாலும் கூம்பு வடிவம் வந்துவிடும் என்பதுதான் இதன் சூட்சுமம். கிளை என்பது கம்பியில் சுற்றிய, ஓரம் நறுக்கிய அலுமினியத் தாள். ஒவ்வொரு கிளைக்கும் தனித்தனிக் காகித உறை. உறையைக் கிளையின் போக்கிலேயே மெதுவாக உருவ வேண்டும். எதிர்ப்பக்கம் இழுத்தால் தாள் கிழிந்துவிடும். மரம் கட்டுவது பெரியவர்கள் வேலை என்றால் உறை உருவுவது குழந்தைகள் வேலை. பண்டிகை முடிந்ததும் அதே கிளையை அதே உறையில் திரும்ப நுழைக்க வேண்டும். அதற்குத்தான் அதிகப் பொறுமை தேவைப்பட்டது. இந்த மரத்தோடு வளர்ந்தவர்களின் ஞாபகத்தில் காகிதத்திலிருந்து தாள் உருவும் அந்தச் சரசரப்புக்குத் தனி இடம் உண்டு.

வெள்ளி மரத்தில் ஒரு சிக்கலும் இருந்தது. மரம் முழுக்க உலோகம். மின்விளக்குச் சரத்தைச் சுற்றி, எங்காவது ஒயரின் மேலுறை தேய்ந்திருந்தால் மரத்தைத் தொட்டவருக்கு ஷாக் அடிக்கும். ஆகவே விளக்குச் சரம் கூடாது என்று எச்சரித்தார்கள். விளக்கில்லாத கிறிஸ்துமஸ் மரமா? அதற்குக் கண்டுபிடித்த வழிதான் கலர் சக்கரம். தரையில் ஒரு விளக்கு. அதன் முன்னால் சிவப்பு, நீலம், பச்சை, மஞ்சள் என்று நான்கு பகுதிகளாகப் பிரித்த வட்டத் தகடு. சின்ன மோட்டார் அதை மெதுவாகச் சுற்றும். ஊர்த் திருவிழா நாடக மேடைகளில் கலர் லைட் போடுவதைப் பார்த்தவர்களுக்கு இது பழக்கப்பட்ட காட்சி. மரம் ஒரு நிமிடம் சிவக்கும், பிறகு நீலமாகும், பச்சையாகும். சுவரிலும் கூரையிலும் வர்ணத் துணுக்குகள் ஊரும். மோட்டாரின் 'கிர்ர்' சத்தம் இரவு முழுக்கக் கேட்கும். ஒரு குறையைச் சமாளிக்கச் செய்த ஏற்பாடே கடைசியில் மரத்தைவிடப் பிரியமான நினைவாகிவிட்டது.

அது விண்வெளிக் காலம். 1957-ல் சோவியத் ஸ்புட்னிக் பறந்ததிலிருந்து அமெரிக்கர்கள் வானத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். கார்களுக்கு ராக்கெட்டைப் போல வால் முளைத்தது. கடிகாரங்கள் நட்சத்திர வடிவம் எடுத்தன. இலையும் பட்டையும் இல்லாமல் பளபளத்த அலுமினிய மரம், வரப்போகும் காலம் இப்படித்தான் இருக்கும் என்று வரவேற்பறையில் நின்று சொன்னது. ஊசியிலை உதிராது, துடைப்பம் வேண்டாம், தண்ணீர் ஊற்ற வேண்டாம், தீப்பிடிக்காது. காட்டைப் போல நடிக்கக்கூட அது முயலவில்லை. அந்த வகையில் மற்றப் போலி மரங்களைவிட அது நேர்மையானது என்றே சொல்லலாம்.

விண்வெளிக் காலம் மானிடோவாக்கைத் தேடி வந்த கதையும் உண்டு. 1960-ல் ஏவப்பட்ட ஸ்புட்னிக்-4 கலம் 1962 செப்டம்பர் 5 அதிகாலையில் வளிமண்டலத்தில் எரிந்து சிதறியபோது சுமார் 9 கிலோ எடையுள்ள ஒரு உலோகத் துண்டு இந்த ஊரின் எட்டாவது தெருவில், ரார்-வெஸ்ட் கலை அருங்காட்சியகத்துக்கு முன்னால் விழுந்தது. ரோந்து வந்த போலீசார் யாரோ போட்ட பழைய இரும்பு என்று நினைத்து ஓரமாகத் தள்ளிவிட்டார்கள். பிறகு விஷயம் தெரிந்து, சோவியத் நாட்டிடம் துண்டைத் திருப்பிக் கொடுத்தார்கள். விழுந்த இடத்தில் நடுத்தெருவில் ஒரு வளையம் பதித்திருக்கிறார்கள்.

வெள்ளி மரத்தின் வீழ்ச்சிக்குப் பலர் ஒரு கார்ட்டூனைக் காரணம் சொல்வார்கள். 1965 டிசம்பர் 9 அன்று சிபிஎஸ் தொலைக்காட்சியில் 'எ சார்லி பிரவுன் கிறிஸ்துமஸ்' ஒளிபரப்பாயிற்று. சார்ல்ஸ் ஷுல்ஸ் உருவாக்கிய சிறுவன் சார்லி பிரவுன், பண்டிகை வெறும் வியாபாரமாகிவிட்டதே என்று வருந்துகிறான். நாடகத்துக்குப் பெரிய, பளபளப்பான அலுமினிய மரம் வாங்கி வரச் சொல்லித் தோழி அனுப்புகிறாள். கடையில் வண்ண வண்ண உலோக மரங்கள் வரிசையாக நிற்கின்றன. அவனோ ஒரு சோனிக் கன்றை, அசல் மரத்தை, தூக்கி வருகிறான். எல்லாரும் முதலில் சிரிக்கிறார்கள். பிறகு மனம் மாறி அதை அலங்கரிக்கிறார்கள். கோடிக்கணக்கான பேர் பார்த்தார்கள். அதற்குப் பிறகு வருடந்தோறும் மறு ஒளிபரப்பு. 25 டாலர் கொடுத்து வாங்கிய மரம் வரவேற்பறையில் நிற்க, அதுதான் போலித்தனத்தின் சின்னம் என்று எதிரிலிருந்த டிவி சொல்லிக்கொண்டிருந்தது.

கார்ட்டூன் ஒன்றே ஒரு தொழிலைக் கவிழ்த்தது என்று நம்புவது கஷ்டம். வாங்க வேண்டியவர்கள் வாங்கிவிட்டார்கள். கெட்டுப்போகாத பொருளை மறுபடி யார் வாங்குவார்? ரசனையும் மாறிக்கொண்டிருந்தது. 60-களின் கடைசியில் இளைஞர்கள் இயற்கைக்குத் திரும்புவது பற்றிப் பேசினார்கள். அதே சமயம் அசலைப் போலவே பச்சை நிறத்தில் பிவிசி பிளாஸ்டிக் மரங்கள் வரத் தொடங்கின. அவற்றில் விளக்குச் சரத்தைத் தாராளமாகச் சுற்றலாம். 1970-ஐ ஒட்டி அலுமினிய மரங்களின் உற்பத்தி அநேகமாக நின்றுபோனது. பெட்டிகள் பரணுக்குப் போயின. பரணிலிருந்து குப்பைக்குப் போயின. வீடு காலி செய்பவர்கள் வாசலில் போட்டு விற்கும் பழைய சாமான்களுக்கு நடுவே சில்லறைக் காசுக்கு அவை கிடந்தன.

அங்கிருந்துதான் அவற்றின் இரண்டாவது வாழ்க்கை தொடங்கியது. மானிடோவாக்கில் வசித்த ஜே. ஷிமோன், ஜே. லிண்டமன் என்ற புகைப்படக் கலைஞர்கள் 90-களில் பழைய சாமான் விற்பனைகளில் இந்த மரங்களைச் சேகரிக்கத் தொடங்கினார்கள். ஊரார் வெட்கப்பட்டு ஒதுக்கியதை அவர்கள் கலைப் பொருளாகப் பார்த்தார்கள். 2004-ல் அவர்கள் வெளியிட்ட 'சீசன்ஸ் கிளீமிங்ஸ்' என்ற புத்தகம், ஒவ்வொரு மரத்தையும் முக்கியப் பிரமுகரைப் படம் பிடிப்பது போலத் தனித்தனியே நிறுத்திப் படம் பிடித்தது. மரங்களுக்கு மவுசு பிறந்தது. குறைவாகத் தயாரான இளஞ்சிவப்பு மரங்கள் இணைய ஏலங்களில் ஆயிரக்கணக்கான டாலருக்குப் போயின. கார்ட்டூன் கேலி செய்த அதே நிறம்தான் இன்று அதிக விலை.

மவுசு வந்த இடத்துக்கு நகலும் வந்தது. அந்தக் காலத்து அலுமினிய மரம் போலவே தோன்றும் புது மரங்களை இப்போது செய்து விற்கிறார்கள். பழைய பெட்டி, பழைய காகித உறை, கம்பெனி முத்திரை எல்லாம் இருக்கிறதா என்று சேகரிப்பவர்கள் பரிசோதிக்கிறார்கள். போலி மரத்தில் அசல் எது, போலி எது என்று சண்டை. 1965-ல் சார்லி பிரவுனுக்கு இது புரிந்திருக்காது.

பழமை ஏக்கத்தில் ஒரு வசதி உண்டு. வேண்டாததை அது மறந்துவிடும். பழைய கிறிஸ்துமஸ் பெட்டிகளில் ஆபத்துகளும் அடைபட்டிருக்கின்றன. மரத்தில் வெள்ளி மழை போலத் தொங்கிய பழைய ஜிகினா இழைகள் பல வருடங்கள் ஈயத்தில் செய்யப்பட்டவை. கனமாக, அசையாமல் தொங்குவதால் அவைதான் அழகு என்று இன்றும் சொல்பவர்கள் உண்டு. குழந்தைகள் வாயில் வைத்தால் என்ன ஆகும் என்று அஞ்சி, 1972-ல் அமெரிக்காவில் அவற்றின் விற்பனைக்கு முடிவு கட்டினார்கள். 1930-களிலும் 40-களிலும் மரத்தில் தூவிய செயற்கைப் பனி சில சமயம் கல்நாராகவே இருந்தது. நுரையீரலைக் கெடுக்கும் அதே ஆஸ்பெஸ்டாஸ். பழைய பிவிசி மரங்கள் பலவற்றில் ஈயம் கலந்திருக்கிறது. பிளாஸ்டிக் நொறுங்க நொறுங்க அது தூசியாக உதிரும். கலர் சக்கரத்தின் அறுபது வருட ஒயரை அப்படியே பிளக்கில் செருகுவது புத்திசாலித்தனம் அல்ல. பழையதைப் போற்றுபவர்கள் ஒயரை மாற்றுவதிலும், ஜிகினாவைக் குழந்தைகளுக்கு எட்டாமல் வைப்பதிலும் ஏக்கம் ஒன்றும் குறைந்துவிடாது.

ஆனால் இந்த ஏக்கத்தில், வெறும் உணர்ச்சி என்று தள்ளிவிட முடியாத நியாயம் ஒன்றும் இருக்கிறது. இன்று அமெரிக்காவில் மரம் வைக்கும் வீடுகளில் பெரும்பான்மை செயற்கை மரத்துக்கு மாறிவிட்டன. அவற்றில் பெரும்பகுதி சீனாவில் தயாராகிறது. மூலப்பொருள் பெட்ரோலியமும் இரும்பும். கனடாவின் மான்ட்ரியால் நகரிலுள்ள எலிப்சாஸ் என்ற ஆலோசனை நிறுவனம் 2009-ல் ஒரு கணக்குப் போட்டது. வருடத்துக்கு ஒரு அசல் மரம் வாங்கி எறிவதைவிடச் செயற்கை மரம் பூமிக்கு நல்லது என்று சொல்ல வேண்டுமானால் அதைச் சுமார் 20 வருடம் பயன்படுத்த வேண்டும் என்பது முடிவு. பிரிட்டனின் கார்பன் டிரஸ்ட் அமைப்பு வேறு விதமாகக் கணக்கிட்டது. இரண்டு மீட்டர் செயற்கை மரம் ஒன்றுக்குச் சுமார் 40 கிலோ கார்பன் டை ஆக்ஸைடு கணக்காகிறது. ஈடுகட்டப் பத்துப் பன்னிரண்டு கிறிஸ்துமஸ்களாவது வேண்டும் என்றது. எந்தக் கணக்கை எடுத்தாலும் விடை ஒன்றே. மரம் அசலா போலியா என்பதைவிட, எத்தனை வருடம் வைத்துக்கொள்கிறார்கள் என்பதுதான் கேள்வி.

அங்கேதான் இடிக்கிறது. இப்போதைய மரங்கள் பலவற்றில் விளக்குகளைக் கிளையோடு சேர்த்தே பொருத்தி விற்கிறார்கள். வசதிதான். ஆனால் சில வருடத்தில் ஒரு பகுதி அணைந்துவிட்டால் எந்த பல்ப், எந்த இணைப்பு என்று தேடிச் சலித்து மரத்தையே தூக்கி எறிகிறார்கள். முறுக்கிய கம்பியும் பிளாஸ்டிக்கும் பின்னிக் கிடப்பதால் பிரித்து மறுசுழற்சி செய்வதும் கஷ்டம். போதாக்குறைக்கு இந்த வருடம் வெள்ளைப் பனி மரம், அடுத்த வருடம் ஒல்லி மரம் என்று நாகரிகம் மாறுகிறது. உதிராத, வாடாத மரத்தையும் அசல் மரத்தைப் போலவே சில வருடத்தில் குப்பையில் போட மனிதர்கள் கற்றுக்கொண்டுவிட்டார்கள். அசல் மரமாவது மக்கி மண்ணாகும்.

வுல்வொர்த் கடையின் ஏழை மரமும் மானிடோவாக்கின் வெள்ளி மரமும் நீடித்ததற்குக் காரணம் அவை உயர்ந்த பொருள்கள் என்பதல்ல. உடைந்தால் மாற்ற அவற்றில் அதிகமாக ஒன்றும் இருக்கவில்லை. ஒரு கட்டை, சில கிளைகள், ஒரு பெட்டி. பிறகு, வருடத்துக்கு ஒரு முறை பெட்டியைத் திறந்து, மூடி, பத்திரப்படுத்தும் பொறுமையுள்ள ஒருவர். அநேக வீடுகளில் அது அம்மாவோ பாட்டியோதான். அவர்கள் போன பிறகு வீட்டைக் காலி செய்யும் பிள்ளைகள் அந்தப் பெட்டி முன்னால் தயங்கி நிற்கிறார்கள். பீரோவைக் கொடுத்துவிடலாம், கட்டிலை விற்றுவிடலாம். கிழிந்த உறைகளில் அம்மாவின் கையெழுத்தோடு இருக்கும் கிளைகளை என்ன செய்வது? வைத்துக்கொள்ள இடமில்லை; எறிய மனமில்லை. பழைய சாமான் சந்தைக்கு வந்து சேரும் மரங்களில் பாதிக்கு இந்தக் கதைதான் இருக்கும்.

மானிடோவாக்குக்கும் இதே தவிப்பு உண்டு. ஊருக்குப் பெயர் வாங்கிக் கொடுத்த அலுமினியத் தொழில் மெல்ல மெல்லத் தேய்ந்தது. மிரோவின் பெரிய பாத்திர ஆலை 2003-ல் மூடப்பட்டது. கட்டடத்தையும் பிறகு இடித்துவிட்டார்கள். மரம் செய்த கம்பெனி எப்போதோ மரத்தை நிறுத்திவிட்டது. அந்த ஆலைகளில் தாளை நறுக்கியவர்களுக்கும், கம்பியில் சுற்றியவர்களுக்கும், கிளைகளை உறையில் போட்டவர்களுக்கும் இப்போது முதுமை. ஒரு காலத்தில் நாடெங்கும் அனுப்பியதை ஊரே விலை கொடுத்துத் திரும்ப வாங்கிச் சேர்க்கிறது. கிறிஸ்துமஸ் காலத்தில் எட்டாவது தெருக் கடைகளின் கண்ணாடி ஜன்னல்களுக்குப் பின்னால் பழைய எவர்கிளீம் மரங்களை வரிசையாக நிறுத்துகிறார்கள். வெள்ளி, தங்கம், பச்சை, நீலம், அபூர்வமாக இளஞ்சிவப்பு. கலர் சக்கரங்கள் சுற்றுகின்றன. வெளியே பனியில் நின்று பெரியவர்கள் பேரக் குழந்தைகளுக்கு அடையாளம் காட்டுகிறார்கள்.

ஸ்புட்னிக் விழுந்ததும் இதே தெருவில்தான். அங்கே அருங்காட்சியகத்தில் பார்வைக்கு இருக்கும் உலோகத் துண்டு நகல். அசல் துண்டு சோவியத் நாட்டுக்குப் போய்விட்டது. வானத்திலிருந்து வந்தது அந்தத் தெருவில் போலியாக இருக்கிறது. அதே தெருவின் ஜன்னல்களில் நிற்கும் போலி மரங்கள் ஒவ்வொன்றும் அசல்.